மிச்சம் பூராவும் பிலோவுக்கு

மே 30, 2005

மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். பிலோவின் தொண்டையில் இருப்பது அதுதானாம். அதன் பெயரை எழுதப் பிடிக்கவில்லை. குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும், எடுத்தால் ஆள் பிழைத்துக்கொள்வாள், ஆனால் பேச்சு இருக்காது என்றார். ஜூலை முதல் வாரத்தில் ஆபரேஷன்.

"வீட்ல யாராச்சும் சிகரெட் பிடிப்பாங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க டாக்டர், யாரும் இல்ல" என்றாள் பிலோ.

நான் சிகரெட்டை விட்டு ரொம்ப நாளாகிறது. அதனால் அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

திண்டுக்கல் வந்து சேரும்வரை அவள் வாய் ஓயவில்லை. கரகரத்த குரலிலேயே கொடைரோட்டில் திராட்சை விற்ற பெண்ணோடு பேரம் பேசினாள். பக்கத்து சீட்டுக் குழந்தைக்குப் பெயர் கேட்டாள். கண்டக்டர் சில்லறை தராததற்கு ஒரு பாட்டம் திட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 1

கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு வராது. ஏதாவது செய்ய வேண்டும். செய்வதற்கு ஒன்று இருக்கிறது என்று இன்று காலையில் தோன்றியது.

எங்களுக்குச் சோறு போட்டது வீடியோ டைட்டில். கல்யாண கேசட்டில் தாமரை விரிந்து, மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் சுழன்று வந்து நிற்குமே, ஒரு காலத்தில் நத்தம் முதல் ஒட்டன்சத்திரம் வரை அது என் கைவேலை. அதைச் செய்தது அமிகா என்ற கம்ப்யூட்டர். வெளிநாட்டில் பிள்ளைகள் விளையாட வீட்டில் வாங்கி வைப்பார்களாம். இங்கே அது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது. பின்னறையில் இன்னும் இருக்கிறது, சொடுக்கினால் எரிகிறது.

லோக்கல் கேபிள் சேனலுக்கு விளம்பரமும் செய்தோம். அதற்குக் குரல் பிலோதான். வெளியிலிருந்து ஆள் பிடித்தால் காசு கேட்பார்கள் என்று ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் கடைக்காரர்களே "அந்தம்மா குரல்ல போடுங்க ஆரோக்கியம்" என்று கேட்டு வந்தார்கள். பூட்டுக் கடை விளம்பரத்துக்கு அவள் சொன்ன "பூட்டுனா பூட்டுனதுதான்!" ஊர் முழுக்கப் பிள்ளைகள் வாயில் இருந்தது. இன்றைக்கும் மார்க்கெட்டில் அவளைக் "கேபிள் அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

விளம்பரக் கேசட் ஒன்றுகூட மிச்சமில்லை. எங்கள் தொழிலில் கேசட்டைக் காலியாக யாரும் பார்த்ததில்லை. போன மாதத்து விளம்பரத்தின் மேலேயே இந்த மாதத்தைப் பதிவோம். மேலே பதிந்ததுதான் தங்கும். ஆனால் அமிகாவின் ஹார்டு டிஸ்க்கில் அவள் குரல் துண்டு துண்டாக இருக்கிறது, கரகரப்பு வருவதற்கு முந்தைய குரல்.

அதோடு தினசரிக்கு வேண்டிய வார்த்தைகளையும் இப்போதே அவளைச் சொல்லவைத்துப் பதிந்துகொள்ளப் போகிறேன். ஒரு விசைக்கு ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அமுக்க வேண்டியதுதான், அவள் குரலிலேயே பெட்டி பேசும்.

ஜூன் 2

ஓசூரிலிருந்து மகள் ஜெனிட்டா போன் செய்தாள். "புதுக் கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கித் தர்றேன்ப்பா, அந்த ஓட்டையை ஏன் கட்டி அழுகுறீங்க?" என்றாள். புதுசைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆகும். அவள் அம்மாவுக்கு அவ்வளவு நாள் இல்லை. அதைச் சொல்லாமல், பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 4

பழைய டிஸ்க் உள்ளே யாரோ கதவைத் தட்டுவது போல் டொக் டொக் என்கிறது. போகப் போகிறது. அதற்குள் வேறு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும்.

குழாயில் தண்ணீர் வந்தது. அடுக்களை, குளியலறை, வாசல் என்று எல்லாக் குடத்தையும் நிரப்பினேன். பிலோ இடுப்பில் கை வைத்து நின்று, "அந்தக் குடம் வாய் உடைஞ்சதுங்க, இங்கிட்டு வைங்க, அங்கிட்டு வைக்காதீங்க" என்று அதிகாரம் செய்தாள்.

ஜூன் 6

சிக்கந்தர் பாய் வந்தார். மதுரையில் டைட்டில் போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது செல்போன் கடை. உடைந்த லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்க் ஒன்று கொண்டுவந்தார். இருபது ஜிபி! என் பழைய டிஸ்க் இதில் ஒரு ஓரத்துக்குக் காணாது. அந்தக் காலத்தில் இதைக் காட்டியிருந்தால் கடைசித் தீர்ப்பு நாள்வரை கல்யாண டைட்டில் போட்டு வைக்கலாம் என்றிருப்பேன்.

"என்னண்ணே, பொட்டி இம்புட்டு மஞ்சளா இருக்கு? வெள்ளையாவுல்ல இருந்துச்சு. சிகரெட் புகையா?"

வெயில் பட்டால் பிளாஸ்டிக் மஞ்சளாகத்தான் செய்யும் என்றேன். சத்தம் வராமலிருக்க நான் அந்தக் காலத்திலேயே பலகை அடித்து மூடிய ஜன்னலைப் பாய் ஒரு தரம் பார்த்தார். பிறகு பேச்சை மாற்றிவிட்டார்.

கிளம்பும்போது சொன்னார்: "அண்ணே, ஒண்ணு சொல்லிர்றேன். பார்ட்டிஷன் போடுறப்ப நாலு ஜிபிக்கு மேல போகாதீங்க. இந்தப் பொட்டிக்கு எண்ணத் தெரிஞ்சது அம்புட்டுதான். அதுக்கு மேல போனா ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி மறுபடி சைபர்ல இருந்து ஆரம்பிச்சிரும். மிச்சத்தைச் சும்மா விட்டுருங்க."

இருபதை வாங்கிப் பதினாறைச் சும்மா விடுவதா? செல்போன் விற்கப் போனதிலிருந்து பாய்க்குப் பயம் அதிகமாகிவிட்டது.

ஜூன் 7

இன்று பார்ட்டிஷன் போட்டேன். பெரிய டிஸ்க்கை அப்படியே கொடுத்தால் அமிகாவுக்குப் பிடிபடாது. வீட்டைத் தட்டி வைத்துத் தடுப்பது போல் அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டும். தடுக்கிற புரோகிராம் டிஸ்க்கின் அளவையே தப்பாகக் காட்டியது. அதை எழுதியவர்கள் இவ்வளவு பெரிய டிஸ்க்கைக் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்ற எண்களை நானே பேப்பரில் கணக்குப் போட்டு அடித்தேன்.

பிலோ காபியோடு வந்து பின்னால் நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"டிஸ்க்கைப் பாகம் பிரிக்கிறேன்."

"யாருக்கு எம்புட்டு? எங்க அண்ணனுங்க பிரிச்ச மாதிரி எனக்குக் கடைசில ஒரு ஈயச் சட்டிதானா?"

"முதல் ரூம் வாசல், மிஷின் எந்திரிக்கிறதுக்கு. ரெண்டாவது பழசு, உன் விளம்பரமெல்லாம் அதுல. மூணாவது புதுசு, இனிமே நீ பேசப்போறது. மிச்சம் பூராவும் உனக்குத்தான்."

"அம்மாடி! கல்யாணமாகி இன்னிக்குத்தான் எனக்குன்னு சொத்து எழுதி வைக்கிறாரு மனுசன்" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

பாய் சொன்ன நாலு ஞாபகத்தில் இல்லாமலில்லை. ஆனால் வாசலும் பழசும் போக நாலுக்குள் அவளுக்கு என்ன மிஞ்சும்? அவள் பேச்சுக்கு ஒரு சந்து ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசி எண்வரை அவளுக்கே அடித்தேன். ஃபார்மேட் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடிந்தது. திரையில் அறைக்கு ஒன்றாக மூன்று படங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒரு கோப்பை எழுதிப் பார்த்தேன், திறந்தது. பாய் சொன்ன மாதிரி ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 9

பழைய டிஸ்க்கிலிருந்து அவள் குரலையெல்லாம் பழசுக்கு மாற்றினேன். கடைசிக் கோப்பு வந்து சேர்ந்த பிறகு அந்த டிஸ்க் இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றது. பிறகு எழவே இல்லை. நல்ல நேரத்தில் கை வைத்தேன். இந்த ஒரு விஷயத்திலாவது என்னைப் பாராட்டிக்கொள்கிறேன்.

பூட்டு விளம்பரத்தைப் போட்டேன். அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். கண்ணாடி மணி மாதிரி குரல். தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டு கேட்டாள். "யாருங்க இந்தக் குமரி?" என்றாள்.

ஜூன் 13

அந்தோணியார் திருவிழா. பிலோ பூசைக்குப் போய்விட்டு ரொட்டி கொண்டுவந்தாள். தொலைந்ததையெல்லாம் தேடிக் கொடுக்கிற சாமி அவர். "தொலையப்போறத முன்கூட்டியே சொல்லி வச்சிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

ஜூன் 15

பதிவு ஆரம்பம். பின்னறைச் சுவரில் எதிரொலி வராமலிருக்க அந்தக் காலத்தில் ஒட்டிய முட்டை அட்டைகள் இன்னும் இருக்கின்றன. மைக்கைத் துடைத்து வைத்தேன். தண்ணி, சோறு, வலிக்குது, குளிருது, ஃபேனைப் போடுங்க, ஃபேனை நிறுத்துங்க என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன்.

"விளம்பரமே இருக்கேங்க, அது போதாதா?"

"அதுல தண்ணி எங்க இருக்கு?"

"தாகமெடுத்தா 'அனைவரும் வருக, ஆதரவு தருக' பட்டனை அமுக்குறேன். நீங்க புரிஞ்சுக்கங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி பதிந்தேன். மைக் திறந்திருக்கும்போது அவளுக்குத்தான் ஊர்க்கதையெல்லாம் ஞாபகம் வரும். லூர்து அக்கா மருமகள் கதை, எதிர்வீட்டு மோட்டார் கதை. "பேசாம இரு பிலோ, ஓடிக்கிட்டிருக்கு" என்று எத்தனை தரம் சொல்வது!

ஜூன் 17

ஈரத் துணியால் அமிகாவைத் துடைத்தேன். துணி பழுப்பாகிவிட்டது. குப்பைக்கூடையின் அடியில் போட்டு மேலே பேப்பரைப் போட்டேன்.

ஜூன் 20

வார்த்தையாகப் பதிந்தால் ஒட்டவைத்தது போல் இருக்கிறது. அதனால் பேப்பரை வாசிக்கச் சொல்லி நீளமாகப் பதிகிறேன், பிறகு வேண்டியதை வெட்டிக்கொள்ளலாம். கொஞ்சம் பதிந்ததும் பெட்டியின் மெமரி நிரம்பிவிடும். அதை டிஸ்க்கில் எழுதி முடிக்கும்வரை அவள் நாற்காலியில் காத்திருக்க வேண்டும். மழை நிலவரம், பூ விலை, மாநகராட்சிக் கோரிக்கை எல்லாம் புதுசுக்குள் போய்விட்டது. இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

குக்கர் கேஸ்கட் போய்விட்டது. மாற்றினேன். நான் வைத்த சாம்பாரில் உப்பு இல்லை, ரசத்தில் இரண்டு தரம் விழுந்திருக்கிறது என்றாள்.

ஜூன் 22

பிலோவுக்குச் சளி. பதிவு இல்லை.

ஜூன் 24

பிலோ மூன்று நாளாக வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேசுகிறாள். கீரைக்காரம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டே உட்கார்ந்துவிட்டாள். "தொண்டையை வீணாக்காத, பதிவுக்கு வேணும்" என்று கூப்பிட்டேன். கீரைக்காரம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"வர்றேன், வர்றேன். மீட்டர் போடுறாரு" என்று எழுந்து வந்தாள்.

ஜூன் 28

காலையில் அமிகாவைப் போட்டதும், பழசைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று ஒரு செய்தி. சற்று நேரம் டிஸ்க் கரகரவென்று ஓடி, தானே அடங்கியது. பழசைத் திறந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். வெட்டி ஒட்டுகிற வேலை மலையாகக் கிடக்கிறது. பழசு எங்கே ஓடிப்போகும்? கரண்டு போய் வந்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஜெனிட்டா லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அம்மாவும் மகளும் முன்னறையில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று இங்கிருந்து கேட்கவில்லை.

ஜூலை 2

கடைசிப் பதிவு. மாத்திரை என்ற வார்த்தை மட்டும் விட்டுப்போயிருந்தது. மைக்கைத் திறந்தேன். மாத்திரை என்று சொல்வதற்குப் பதில் அவள் வேறு என்னவோ ஆரம்பித்தாள். ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு மாத்திரையும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டாள். பரவாயில்லை, பேப்பரில் எங்காவது வரும், வெட்டிக்கொள்ளலாம். வந்ததை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிட்டு நிறுத்தினேன்.

ஜூலை 4

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டில் நர்ஸ்களுக்கெல்லாம் பூட்டு விளம்பரத்தைச் சொல்லிக் காட்டினாளாம். கரகரப்பில் பாதி வரவில்லை, ஆனாலும் கை தட்டினார்கள் என்று ஜெனிட்டா சொன்னாள்.

ஜூலை 7

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். நான் அவள் வளையல், தோடு, ஜெபமாலையெல்லாம் பொட்டலமாகக் கட்டி இரண்டு கையிலும் வைத்திருந்தேன். அதை ஜெனிட்டாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் கதவு மூடிவிட்டது.

சாயங்காலம் டாக்டர் வந்து நல்லபடியாக முடிந்தது என்றார்.

ஜூலை 9

கழுத்தில் துளை. மூச்சு அதன் வழியாகத்தான். பார்க்கக் கூடாது என்றில்லை, பார்க்க முடியவில்லை. சிலேட்டில் "சாப்பிட்டீங்களா" என்று எழுதிக் காட்டினாள். இனிமேல் இதெல்லாம் வேண்டியதில்லை, வீட்டில் உனக்கு எல்லாம் தயாராக இருக்கிறது என்றேன்.

ஜூலை 21

நேற்று வீட்டுக்கு வந்தோம். இன்று காலையில் பிலோவைப் பின்னறைக்குக் கூட்டிவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். தண்ணியும் சோறும் பிறகு, முதலில் அவள் சந்தோஷப்படட்டும் என்று பழசைத் திறந்து பூட்டு விளம்பரத்தைப் போட்டேன்.

"பூட்டுனா பூட்டு" என்று கண்ணாடி மணிக் குரல் ஆரம்பித்தது. அப்படியே நடுவில், மூச்சுவிடக்கூட நேரமில்லாமல், கரகரத்த குரல் "வலிக்குது" என்றது. அப்புறம் இரைச்சல். அப்புறம் பூ விலை.

அடுத்ததைப் போட்டேன். பட்டுச் சேலை விளம்பரத்துக்குள் "ஃபேனை நிறுத்துங்க". அதற்கடுத்தது திறக்கவே இல்லை.

பிலோ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றுமில்லை, சின்னக் கோளாறு, நீ போய்ப் படு என்றேன். டிஸ்க்கைத் திருத்துகிற புரோகிராம் ஒன்று பழைய பிளாப்பியில் இருந்தது. அதை எடுத்துப் பழசைத் திருத்தினேன். முடிந்ததும் புதுசு திறக்கவில்லை. புதுசைத் திருத்தினேன். பழசு காலி என்று காட்டியது. மறுபடி பழசு. மறுபடி புதுசு. கடைசியில் ஒருமுறை அணைத்துப் போட்டேன். வாசலே வரவில்லை. டிஸ்க்கே இல்லை என்கிறது பெட்டி.

மத்தியானம் சோறு வைக்க மறந்துவிட்டேன். ஜெனிட்டா வைத்தாள்.

ஜூலை 22

பாய்க்குப் போன் செய்தேன். "அண்ணே, நாலைத் தாண்டுனீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ஞாயிறன்று வருகிறேன், அதுவரை பெட்டியைத் தொடாதீர்கள் என்றார்.

ஜூலை 23

தொடவில்லை. பின்னறைக் கதவைச் சாத்திவிட்டேன். பிலோ அடுக்களையிலிருந்து தட்டில் கரண்டியால் தட்டி என்னைக் கூப்பிடுகிறாள். இரண்டு தட்டு என்றால் வாங்க. விடாமல் தட்டினால் கோபம். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

ஜூலை 24

பாய் வந்தார். பிளாப்பியிலிருந்து பெட்டியை எழுப்பி, டிஸ்க்கைத் துழாவுகிற புரோகிராம் ஒன்றைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து விளக்கினார். நான் நாற்காலியில் இருந்தேன்.

நான் பழசையும் புதுசையும் இரண்டு அறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டி ஒரு அறையின் நடுவிலிருந்துதான் எழுதத் தொடங்குமாம், புதுசின் நடு நாலுக்கு அப்பால் இருந்ததால் மறுபடி சைபரிலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறது. அதனால் புதுசில் நான் எழுதியதெல்லாம் போய் உட்கார்ந்தது பழசின் தலைமேல். அவள் ஒவ்வொரு தரம் தண்ணி, சோறு என்று சொன்னபோதும், அந்தக் குரலை அழித்துக்கொண்டுதான் இந்தக் குரல் பதிந்திருக்கிறது. கேசட்டில் வருஷக்கணக்காக நாங்கள் செய்ததுதான்.

"சரி, பழசு போச்சு. புதுசாச்சும் இருக்கணும்ல பாய்?"

"இருந்துருக்கும்ண்ணே. ரெண்டும் ஒரே எடத்துல இருந்துச்சு. நீங்க ஒண்ணைத் திருத்தறேன்னு இன்னொண்ணு மேல எழுதிட்டீங்க. திருப்பித் திருப்பி. எத்தனை தடவ பண்ணீங்க?"

"தெரியல."

"கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமேண்ணே" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே கஷ்டமாகிவிட்டது. பிறகு, "இந்த வார்த்தைக்கெல்லாம் நாலுல ஒரு மூலையே போதும். எதுக்குண்ணே அம்புட்டுத் தூரம் போனீங்க?" என்று கேட்டார்.

மிச்சம் பூராவும் அவளுக்குக் கொடுக்க நினைத்தேன் என்று பாயிடம் எப்படிச் சொல்வது?

சாயங்காலம் புரோகிராம் முடிந்தது. ஒரே ஒரு கோப்பு முழுதாகக் கிடைத்தது. தேதி ஜூலை 2. கடைசியாக எழுதியது அதுதான், அது உட்கார்ந்த மூலைக்கு என் திருத்தல் போகவில்லையாம். பாய் அதை ஒரு பிளாப்பியில் போட்டுக் கொடுத்தார். போட்டுக் காட்டவா என்றார். வேண்டாம், நானே கேட்டுக்கொள்கிறேன் என்றேன். அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜூலை 25

ஜெனிட்டா ஓசூருக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "அம்மா உங்களை ஒண்ணும் கேக்கலப்பா. நீங்களும் அந்த ரூமுக்குள்ளேயே கிடக்காதீங்க" என்றாள். சரி என்றேன்.

பிளாப்பி சட்டைப் பையில் இருக்கிறது. இன்னும் கேட்கவில்லை.

ஜூலை 27

தண்ணீர் வந்தது. குடங்களை நிரப்பினேன். வாய் உடைந்த குடத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தேன். பிலோ கையால் காட்டினாள்.

ஜூலை 28

கேட்டேன். பிலோ மருந்து குடித்துவிட்டு முன்னறையில் படுத்திருக்கிறாள் என்று நினைத்துத்தான் போட்டேன். அவள் கதவருகில் நின்றிருந்தது பிறகுதான் தெரிந்தது.

முதலில் ஃபேன் சத்தம். அப்புறம் அவள் குரல், கரகரவென்று, "என்னங்க, ஒண்ணு சொல்லணும்..."

உடனே என் குரல். "பேசாம இரு பிலோ. ஓடிக்கிட்டிருக்கு."

என் குரல் அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்புறம் மறுபடி ஃபேன். டிஸ்க் சுற்றுகிற சத்தம். நாற்காலி நகர்கிறது. அதற்குப் பிறகு அவள், "சரி."

அவ்வளவுதான். அவள் குரல் என்று இந்த வீட்டில் மிஞ்சியது அவ்வளவுதான்.

பிலோ உள்ளே வந்து, இன்னொரு தரம் போடச் சொல்லி விரலைச் சுழற்றிக் காட்டினாள். போட்டேன். "பேசாம இரு" வரும்போது தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். முதலில் சிரித்தாள்தான்.

"அன்னிக்கு என்ன சொல்ல வந்த?" என்று கேட்டேன்.

மறந்துபோச்சு என்று எழுதுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாக எழுதினாள்: "பயமா இருக்கு, கொஞ்ச நேரம் எங்கூட உக்காருங்கன்னு சொல்ல வந்தேன்."

படித்தேன். அவள் அதைத் துடைத்துவிட்டுக் கீழே, "இப்ப இல்ல" என்று எழுதினாள். எனக்குக் காபி வேண்டுமா என்று சைகையால் கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அடுக்களையில் தட்டுச் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு.

ஆகஸ்ட் 1

அந்தோணியார் ஒன்றை மட்டும் தேடிக் கொடுத்தார். அந்த "சரி"யை வெட்டி எடுத்து ஒரு விசைக்கு வைத்தேன். மற்ற விசைகளுக்கு வைக்க ஒன்றுமில்லை. பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் மேசை போட்டு வைத்திருக்கிறேன். மஞ்சளாகத்தான் இருக்கிறது. பிலோ அதன் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தாள்.

ஆகஸ்ட் 6

சாயங்காலங்களில் அவளோடு கூடத்தில் உட்கார்கிறேன். டிவி வேண்டாம் என்றுவிட்டாள். கீரைக்காரம்மாள் வந்தால் இருவரும் கையாலேயே ஊர்க்கதை பேசுகிறார்கள். எனக்குப் பாதி புரியவில்லை.

அந்த விசையைப் பிலோ இதுவரை ஒருமுறைகூடத் தொடவில்லை. சிலேட்டும் தட்டும் கரண்டியும் போதும் அவளுக்கு.

அவள் குளிக்கப் போகும்போது நான்தான் போய் அதை அமுக்கிக் கேட்டுக்கொள்கிறேன்.